கணிப்பொறிக்குள் ஒரு கூத்து மேடை

‘கர்ண மோட்சம்’ தெருக்கூத்தைப் பார்த்திருப்பீர்கள். கர்ணன் வேடம் கட்டியவர் எவ்வளவு திறமையாக ஆடினாலும் முடிவை மாற்ற முடியாது. பதினேழாம் நாள் போரில் கர்ணன் மடிந்தே தீர வேண்டும். “நான் போருக்குப் போகமாட்டேன்” என்று அவர் நடுவிலே சொல்லிவிட்டால் கூத்து நின்றுபோகும்.

அப்படிச் சொல்லவும் இடம் கொடுத்து, சொன்னபின் நடப்பதையும் காட்டும் கூத்து ஒன்று உண்டு. அதுதான் கணிப்பொறியில் நாம் ஆடும் வேடமேற்கும் விளையாட்டு. இவ்வகை ஆட்டங்கள் ஏராளமாக வந்துள்ளன. ஆயினும் சிலவற்றையே தலைசிறந்த படைப்புகள் என்கிறோம். ஏன்? படங்களின் அழகா காரணம்? ஆராய்ந்து பார்ப்போமா?

பகடை சொல்லும் கணக்கு

இவ்விளையாட்டின் தாய் கணிப்பொறியில் பிறக்கவில்லை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். தாளும் பென்சிலும் பகடையும் போதும். வலிமை, அறிவு போன்ற ஒவ்வொரு பண்புக்கும் மூன்று பகடைகளை உருட்டி, கூட்டுத்தொகையைக் குறித்துக்கொள்வார்கள்.

மூன்று பகடைகள் 216 வகைகளில் விழலாம். கூட்டுத்தொகை 18 வருவதற்கு ஒரே வழி. 10 வருவதற்கோ 27 வழிகள். அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. நம் தாயக்கட்டையையும் பாருங்கள். 0, 1, 2, 3 என நான்கு முகங்கள் கொண்ட இரண்டு கட்டைகள் 16 வகைகளில் விழும். அவற்றுள் தாயம் விழும் வகைகள் 2. இதுவும் எட்டில் ஒன்றே! மாவீரர்கள் அரிது, நம்மைப் போன்றோர் பலர் என்ற உலகியல்பைப் பகடை இவ்வாறு ஆட்டத்துக்குள் கொண்டுவருகிறது.

கணிப்பொறியின் நினைவு

பகடை வாய்ப்பைத்தான் தரும்; கதையைத் தராது. ஆடுபவர் 10 இடங்களில் இரண்டிலொரு வழியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கொள்வோம். கதையின் பாதைகள் 1,024 ஆகிவிடும். 20 இடங்கள் என்றால் 10,48,576! இத்தனைக் கதைகளையும் யார் எழுதுவது? ஆகவே ஆட்டத்தை அமைப்பவர் ஒரு தந்திரம் செய்கிறார். நம் செயல்களைச் சில எண்களாக மாற்றிக் கணிப்பொறியின் நினைவில் வைக்கிறார். எந்தச் செயலை எண்ணாக்குவது என்பதில்தான் அவருடைய மேதைமை வெளிப்படுகிறது.

1985இல் ரிச்சர்ட் கேரியட் படைத்த ‘அல்டிமா 4’ இதற்கு நல்ல சான்று. அதில் கொல்ல வேண்டிய கொடிய அரக்கன் எவனும் இறுதியில் காத்திருக்கவில்லை. எட்டு நற்பண்புகளில் தேறுவதே குறிக்கோள். அங்கே கண்பார்வையற்ற வணிகர் ஒருவரிடம் பொருள் வாங்குகிறோம். எவ்வளவு காசு வைப்பது என்பது நம் கையில். குறைத்து வைத்தால் யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் உள்ளே நேர்மைக்கான எண் ஓசையின்றிக் குறைந்துவிடும். அது குறைந்திருக்கும்வரை அப்பண்பில் தேறவும் முடியாது, ஆட்டத்தை முடிக்கவும் முடியாது.

நம்மவர் ஆட்டம் ஒன்று

2023 ஜூலையில் கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள விசை கேம்ஸ் நிறுவனம் ‘வெண்பா’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. இதில் பகடை இல்லை, வளரும் எண்களும் இல்லை. இலக்கணப்படி இது வேறு வகை. ஆயினும் வேடமேற்றல் என்றால் என்ன என்பதை இது நன்றாக விளக்குகிறது. 1988ஆம் ஆண்டு. கனடாவில் குடியேறிய வெண்பா என்ற தமிழ்ப்பெண் நாம். தாயார் தந்த சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்ட படிகளை நாமே சிந்தித்துக் கண்டுபிடித்து இட்லி முதலிய உணவுகளைச் சமைக்க வேண்டும்.

பின்னொரு கட்டத்தில் மகன் கவினின் வேடம் நமக்கு வருகிறது. கனடாவில் வளர்ந்த அவனுக்குத் தமிழ் சரியாகப் படிக்க வராது. எனவே சமையல் குறிப்பு நமக்கும் அரைகுறையாகவே விளங்குகிறது! மொழியை இழப்பதன் வேதனையை ஒருவர் நமக்கு எடுத்துச் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறி நாமே உணர்கிறோம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு இதற்கு அறிமுக ஆட்டத்துக்கான விருதை வழங்கியது.

கூத்தில் கர்ணனை விதி நடத்துகிறது. கணிப்பொறி ஆட்டத்திலும் நம்மை நடத்துவது விதிதான், ஆட்டத்தின் விதி. அந்த விதியே கதையைச் சொல்லுமானால், அது தலைசிறந்த படைப்பு. விதி ஒரு பக்கமும் கதை ஒரு பக்கமும் போனால், எத்தனை வண்ணங்கள் இருந்தாலும் அது வெறும் பொழுதுபோக்கே. காசு கட்டினால் வலிமை கூடும் என்னும் ஆட்டத்தின் விதி என்ன கதை சொல்கிறது? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நீங்களும் செய்யலாம்

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். ஆங்கில அரசின் ஒற்றர்கள் இங்கே உலவிய காலம் அது. கற்பனையாக ஓர் ஆட்டம் அமைப்போம். ஊருக்குள்ளிருந்து கருவடிக்குப்பத்துத் தோப்புக்கு இரகசியக் கடிதம் கொண்டுசெல்லும் சிறுவன் நீங்கள். வழியில் ஒரு புதியவர், “தம்பி, யாருக்குக் கடிதம்?” என்கிறார். உங்கள் மீதான ஐயம் இப்போது 2. பொய் சொன்னால் 1 கூடும். பேசாமல் ஓடினால் 2 கூடும். உண்மையைச் சொன்னால் ஐயம் கூடாது. ஆனால் தோழர்களின் நம்பிக்கை 5இலிருந்து 2 ஆகிவிடும்.

தோப்பின் வாயிலில் தாயக்கட்டையை உருட்டுங்கள். ஐயத்தைவிடக் குறைந்த எண் விழுந்தால் பிடிபட்டீர்கள். ஐயம் 2 என்றால் பிடிபடும் வாய்ப்பு 16இல் 3. ஐயம் 4 என்றால் 16இல் 10! தப்பினாலும் நம்பிக்கை 3க்குக் கீழே இருந்தால் தோப்பில் எவரும் கடிதத்தை வாங்கமாட்டார்கள்.

மேலும் சில சந்திப்புகளைச் சேர்த்து எழுதி, நண்பரை இருமுறை ஆடச் சொல்லுங்கள். இரண்டாம் முறை பதில் சொல்லுமுன் அவர் சற்றே தயங்குகிறாரா என்று கவனியுங்கள். தயங்கினால் உங்கள் விதி வேலை செய்கிறது. இல்லையேல் எண்களைத் திருத்தி, மீண்டும் ஆடச் செய்யுங்கள்.