"இவனுக்குக் கணக்கு வராது"

பெற்றோர்–ஆசிரியர் கூட்டமொன்றில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அப்பாவும் ஆறாம் வகுப்புப் பையனும். "இவனுக்குக் கணக்கு வராது மேடம், எங்க பரம்பரைக்கே வராது" என்றார் அப்பா. பையன் ரேங்க் கார்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றான். ஆசிரியை அவன் பக்கம் திரும்பி, "பின்னம் புரியலையாப்பா?" என்று கேட்டார்.

"எனக்குக் கணக்கு வராது மிஸ்."

மிஸ் கேட்டது பின்னத்தைப் பற்றி. அவன் சொன்னது தன்னைப் பற்றி.

பிறர் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிகிறோம் என்று நினைக்கிறோமோ, அதை வைத்தே நம்மை நாம் எடைபோடுகிறோம் என்றார் அமெரிக்க சமூகவியலாளர் சார்லஸ் கூலி. பிறரையே நமக்குக் கண்ணாடி என்று அவர் எழுதியது 1902இல். சின்னப் பிள்ளைக்கு அந்தக் கண்ணாடி, பெரும்பாலும் அப்பா அம்மாவின் முகம்தான்.

அப்படியானால் கண்டிக்கவே கூடாதா? இந்தக் கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறோம். ஸ்டான்லி கூப்பர்ஸ்மித் என்ற உளவியலாளர் 10 முதல் 12 வயதுவரையிலான அமெரிக்கப் பையன்களை ஆராய்ந்து 1967இல் ஒரு நூல் வெளியிட்டார். தன்மதிப்பு மிகுந்த பையன்கள், இஷ்டப்படி விட்ட வீடுகளிலிருந்து வரவில்லை. பாசமும் இருந்து, எதற்கு அனுமதி, எதற்கு இல்லை என்பது தெளிவாகவும் இருந்த வீடுகளிலிருந்து வந்தார்கள். அங்கே பிள்ளையின் பேச்சுக்கும் காது கொடுத்தார்கள். (அவர் பெண் பிள்ளைகளை ஆராயவில்லை. "நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போறவ" என்று கேட்டே வளரும் நம் பெண்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.)

அதே காலத்தில் உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் மூன்று வகை வளர்ப்பாகப் பிரித்துக் காட்டியதும் இதைத்தான். இரவு ஒன்பது மணிக்கு மேல் செல்போன் கிடையாது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் போனைப் பிடுங்கி, "நீ உருப்படவே மாட்டே" என்கிறார்கள். இன்னொரு வீட்டில் அழுதால் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றாவது வீட்டில், "காலையில எழுந்திருக்க முடியலைல்ல, அதான்" என்று காரணம் சொல்லி வாங்கி வைக்கிறார்கள். சட்டம் ஒன்றுதான். முதல் வீட்டுப் பிள்ளை மட்டும் தன்னைப் பற்றிய ஒரு தீர்ப்போடு படுக்கப் போகிறது.

பாராட்டிலும் இந்தச் சிக்கல் உண்டு. உளவியலாளர்கள் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கடினமான புதிர்களில் தோற்றதும் துவண்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள்.

அடுத்த கூட்டத்தில் ஆசிரியர் முன் உட்காரும்போது, தயவுசெய்து முதலில் பிள்ளையைப் பேச விடுங்கள். எந்தக் கணக்கு புரியவில்லை என்று அதுவே சொல்லட்டும்.