முதல் சந்திப்புக்கு ஒரு மேஜை

சிஞ்ச்வட் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊர். மோர்யா கோசாவி கோயில் பக்கமோ கடைவீதியிலோ ஜோடியாகத் தென்பட்டால், சேதி அவர்களுக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிடும். முதல் சந்திப்புக்கு இளசுகள் புனே நகருக்குள் நழுவுவதில் வியப்பில்லை.

டெக்கான் ஜிம்கானாவில் 1935 முதல் இயங்கும் இரானி உணவகமான 'குட்லக்' இதற்குத் தோதான இடம். பன் மஸ்காவும் டீயும் கையைக் கடிக்காது. பேச்சு ருசித்தால் இன்னொரு டீ. கசந்தால், கோப்பை காலியானதும் கிளம்பிவிடலாம். நட்சத்திர ஓட்டல் விருந்தில் அது நடக்காது.

பிம்ப்ரியிலிருந்து வரும் மெட்ரோ 2023-இல் சிவில் கோர்ட் வரை நீண்டது. அங்கே வண்டி மாறினால் டெக்கான். பெண்ணுக்கு அதுதான் பெரிய வசதி: வீடு திரும்ப, அன்றுதான் சந்தித்தவரின் பைக்கில் ஏற வேண்டியதில்லை.