அமாவாசையை ஒட்டி கோல சிலாங்கூர்

சிலாங்கூர் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கோல சிலாங்கூர். கோலாலம்பூரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர். 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு, நெரிசல் இல்லாத நேரத்தில் காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். இவ்வளவு பக்கத்தில் இருப்பதாலேயே பலர் இந்த ஊரை முழுதாகப் பார்ப்பதில்லை. சாயங்காலம் வந்து, மலைமேல் குரங்கைப் பார்த்து, மீன் சாப்பிட்டு, மின்மினியைப் பார்த்த கையோடு வீடு திரும்பிவிடுகிறார்கள். இது ஓர் இரவு தங்க வேண்டிய ஊர். எந்த இரவு என்பதையும் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தத் தேர்வுக்குத் தமிழர் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். மின்மினிப்பூச்சிகளின் ஒளி சிறியது. நிலா வெளிச்சம் அதை மங்கச் செய்துவிடும். இங்கே பார்க்க வேண்டிய இன்னொன்றான, கடலுக்குள் இருக்கும் மணல்திட்டோ நீர் மிகவும் வற்றும் நாள்களில்தான் தலைகாட்டும். அப்படி வற்றுவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால் அப்போது ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய இந்தக் கரையில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 4 மீட்டர் வித்தியாசம் வரும். பௌர்ணமியில் திட்டு கிடைக்கும், மின்மினி மங்கும். அமாவாசையில் இரண்டும் கிடைக்கும். பள்ளி விடுமுறையையும் சனி, ஞாயிறையும் மட்டும் பார்த்துப் புறப்படுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் ஏற வேண்டியது புக்கிட் மெலாவத்தி. மலை என்று சொன்னாலும் உயரம் குறைவுதான். மர நிழலில் மெதுவாக நடந்தே மேலே போய்விடலாம். உச்சியில் நின்றால் ஆற்றின் வாய், அலையாத்திக் காடு, கடல் மூன்றும் ஒன்றாகத் தெரியும். ஆற்றில் நுழையும் கப்பல் எதுவும் இந்த மலையின் கண்ணில் படாமல் போக முடியாது என்பதை அங்கு நின்றாலே புரிந்துகொள்ளலாம். சிலாங்கூரின் முதல் சுல்தான்கள் இங்கே கோட்டை கட்டியதற்குக் காரணம் அதுதான். பூகிஸ் வம்சத்தைச் சேர்ந்த முதல் மூன்று சுல்தான்களான சாலேஹுதீன், இப்ராஹிம், முகமது ஆகியோரின் கல்லறைகள் இந்த மலைமேல்தான் உள்ளன.

1784இல் டச்சுக்காரர்களின் மலாக்காவை பூகிஸ் தலைவர் ராஜா ஹாஜி முற்றுகையிட்டபோது, சுல்தான் இப்ராஹிம் அவருக்குத் துணை நின்றார். ராஜா ஹாஜி போரில் இறந்ததும் டச்சுக் கப்பல்கள் கோல சிலாங்கூரை நோக்கித் திரும்பின. சுல்தான் பகாங்குக்குத் தப்பினார். கோட்டையைப் பிடித்தவர்கள், பத்தேவியாவில் இருந்த தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் அதற்கு ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் சூட்டினார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் பகாங் படையுடன் காட்டுவழியாக வந்து கோட்டையை மீட்டார். டச்சுக்காரர்கள் ஆற்றின் வாயை அடைத்து நின்றதால் 1786இல் அவர் உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. 1871இல் ரினால்டோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் குண்டுகள் கோட்டையைத் தகர்த்தன. இன்று அங்கே இருப்பவை பழைய பீரங்கிகள், மதில் துண்டுகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கலங்கரை விளக்கம். அதன் பெயர் இப்போதும் ஆல்டிங்ஸ்பர்க்தான்.

பிள்ளைகளை இழுப்பது பீரங்கி அல்ல, குரங்கு. மலையில் இரண்டு வகை உண்டு. கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவது நீண்ட வால் குரங்கு. சாம்பல் பூசியதுபோல் கரும்வெள்ளி நிறத்தில், உச்சிக்கொண்டையோடு அமைதியாக உட்கார்ந்திருப்பது லுத்தோங். அதன் குட்டி பிறக்கும்போது பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சில மாதங்களில் அந்த நிறம் மாறிக் கறுத்துவிடும். கூட்டத்திலுள்ள மற்றப் பெண் குரங்குகளும் குட்டியை மாறி மாறி வாங்கி வைத்துக்கொள்ளும். தாயின் மடியில் இருந்த ஆரஞ்சுக் குட்டி சற்று நேரத்தில் பக்கத்திலிருக்கும் இன்னொன்றின் மடியில் இருப்பதைக் காணலாம். லுத்தோங் இலையை உண்டு வாழும் பிராணி. அதன் வயிறும் இலைக்கு ஏற்றபடி அமைந்தது. ரொட்டியும் கடலையும் கொடுப்பது அன்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கெடுதல்.

மலையடிவாரத்தில் இயற்கைப் பூங்கா ஒன்று இருக்கிறது. கோல்ப் திடலாக மாறவிருந்த இந்த நிலத்தை, மலாயா இயற்கைச் சங்கம் மாநில அரசோடு பேசி 1987இல் பூங்காவாகக் காப்பாற்றியது. செப்டம்பர் முதல் மார்ச் வரை வடக்கிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகளைப் பார்க்க விடியற்காலையே நல்ல நேரம்.

சாயங்காலச் சாப்பாட்டுக்கு ஆற்றின் அக்கரையில் பாசிர் பெனம்பாங் மீனவர் கிராமம். படகுகள் வந்து நிற்கும் ஆற்றோரத்திலேயே உணவகங்கள். நண்டு, இறால், கணவாய், மட்டி எல்லாம் கிடைக்கும். சீக்கிரமே சாப்பிட்டு எழுவது நல்லது. ஏழரை மணிக்கு மேல் இருட்டத் தொடங்கிவிடும்.

மின்மினிக்குப் பேர் பெற்ற இடம் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கம்போங் குவாந்தான். நான்கு பேர் உட்காரக்கூடிய சிறு சம்பான் படகில், மோட்டார் இல்லாமல் துடுப்பு வலித்தே கூட்டிப்போவது இங்கே வழக்கம். கரையில் பெரெம்பாங் மரங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகியதும் மரம் முழுவதும் ஒரே நொடியில் மின்னி, ஒரே நொடியில் அணைவது தெரியும். வினாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை. இப்படித் தாளம் தப்பாமல் சேர்ந்து மின்னும் இனங்கள் உலகில் அதிகம் இல்லை. தாய்லாந்தின் அம்பாவா போன்ற சில ஆற்றோரங்களிலும் இந்தக் காட்சி உண்டு. இது இணை தேடும் அழைப்பு. வயிற்றிலுள்ள லூசிபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. சூடு கிட்டத்தட்ட இல்லை. கைப்பேசி விளக்கையோ கேமரா பிளாஷையோ அடித்தால் அந்த அழைப்பு கலைந்துபோகும். மழை பெய்தாலும் பூச்சிகள் ஒடுங்கிவிடும்.

மரத்தில் மின்னுவது இந்தப் பூச்சியின் வாழ்வில் கடைசிச் சில வாரங்கள் மட்டுமே. அதற்கு முன் பல மாதங்கள் கரையோர ஈரமண்ணில், உதிர்ந்த இலைகளுக்கடியில், சிறு நத்தைகளைத் தின்று புழுவாக வளர்கிறது. ஆகவே மரத்தை மட்டும் விட்டுவைத்து அதன் பின்னாலிருக்கும் நிலத்தைச் செம்பனைக்காகத் துப்புரவாக்கினால் பூச்சி மிஞ்சாது. ஆற்றில் நன்னீரும் உப்புநீரும் கலக்கும் அளவு மாறினாலும் ஆபத்துதான். கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளின் குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி இதே சிலாங்கூர் ஆற்றிலிருந்து எடுக்கப்படுவது. மின்மினி பார்க்க வருகிறவர்கள் தினமும் குடிப்பது அது வாழும் ஆற்றின் தண்ணீர் என்பதைப் படகுத்துறையிலேயே எழுதிவைக்கலாம்.

மறுநாள் மணல்திட்டு. ஸ்கை மிரர் என்ற பெயரில் விளம்பரப்படுத்தப்படும் சாசாரான் திட்டுக்குப் படகில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடலின் நடுவே கணுக்கால் அளவு நீர் மட்டும் தேங்கி நிற்க, வானம் அப்படியே கீழே தெரியும். சில மணி நேரத்தில் நீர் ஏறித் திட்டு மறைந்துவிடும். படகு புறப்படும் நேரம் அன்றைய வற்றத்தைப் பொறுத்தது என்பதால், முன்பதிவு செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றுத் துணியும் அவசியம்.

அங்கிருந்து வந்தபின் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் வடக்கே போனால் தஞ்சோங் காராங், பிறகு சுங்கை புரோங், அதன்பின் செகிஞ்சான். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் நெல்வயல். சதுப்பாகக் கிடந்த இந்த நிலத்தை 1930களில் நீர்ப்பாசனத் திட்டமாக மாற்றினார்கள். பெர்ணாம் ஆற்றின் நீர் கால்வாய் வழியாக தெங்கி ஆற்றுக்கு வந்து, அங்கிருந்து வயல்களுக்குப் பிரிகிறது. மொத்தம் ஏறக்குறைய 20,000 ஹெக்டர், ஆண்டுக்கு இரண்டு போகம். சுங்கை புரோங் அந்தத் திட்டத்தின் பாசனப் பகுதிகளில் ஒன்று. செகிஞ்சானில் உணவகங்களும் கடற்கரையும் கூட்டத்தை இழுப்பதால் பலர் சுங்கை புரோங்கை நிற்காமலே கடந்துவிடுகிறார்கள். வயலை மட்டும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தப் பக்கத்துக் கால்வாய்க் கரைகளே மேல். தண்ணீர் முறைவைத்து விடப்படுவதால் ஓரிடத்தில் நாற்று பச்சையாக இருக்கும்போதே மற்றோரிடத்தில் கதிர் முற்றியிருக்கலாம்.

வயல்களில் உழைப்பவர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்களும் சீனர்களும். தமிழர்களின் சுவடு தெற்கே தோட்டங்களில் இருக்கிறது. காப்பி, தென்னை, ரப்பர், இப்போது செம்பனை என்று பயிர் மாறியபோதெல்லாம் அந்த மண்ணில் உழைத்தவர்கள் அவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் குடும்பங்கள் தாமான் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தாலும் கோயில்கள் நிலைத்தன. திரும்பும் வழியில் புக்கிட் ரோத்தானில் ஸ்ரீ சக்தி தேவஸ்தானம் இருக்கிறது. 51 சக்தி பீடங்களின் தேவிகளையும் ஒரே இடத்தில் சிலைகளாகக் காணலாம். கோயில் மதியத்தில் நடை சாத்தும். செகிஞ்சானில் சாப்பிட்டுப் புறப்படுகிறவர்கள் மாலை பூசைக்கு வந்து சேர்வதாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.