கலத்தின் பேச்சைச் சாயமின்றிக் கேட்டல்

இறம்பொடையில் மூடுபனி இறங்கும் மாலைகளில் எங்கள் உம்மும்மாவுக்கு இழுப்பு வந்துவிடும். சல்பியூட்டமோல் இன்ஹேலரை உள்ளிழுத்துச் சற்று நேரம் போனால் மூச்சு சீராகும். "இதுக்குள்ள அப்படி என்னதான் இரிக்கி மகள்?" என்று ஒருநாள் கேட்டார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான் அதற்குப் பதில் தேடியபோது அறிந்தவையே இக்கட்டுரை.

மூச்சுக்குழாயைச் சூழ்ந்த தசைக் கலங்களின் மேற்பரப்பில் வாங்கிகள் எனும் புரதங்கள் உள்ளன. சல்பியூட்டமோல் அவற்றுள் பீற்றா-2 வாங்கியில் பொருந்தும். செய்தி, 'ஜீ புரதம்' வழியாகக் கலத்தினுள் செல்லும். இறுகிய தசை தளரும். இவ்வாங்கிக் குடும்பத்தை ஆராய்ந்த ரொபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரயன் கொபில்கா இருவரும் 2012இல் இரசாயனவியல் நோபல் பரிசு பெற்றனர்.

கண்ணுக்குப் புலப்படாத இச்செய்தியை எப்படி அறிவது? ஒளிரும் சாயத்தையோ கதிர்வீசும் அணுவையோ ஒட்டிப் பின்தொடர்வது பழகிய வழி. ஆனால் ஒட்டிய பொருளே சிலவேளை இயல்பை மாற்றிவிடும். தேடிய ஒன்றை மட்டுமே அது காட்டும்.

எங்கள் வளைவுப் பாதையைப் பனி மூடினால் லொறி தெரியாது. அதன் விளக்கைத் தேடலாம். இல்லையேல் இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, ஏறுகிறதா இறங்குகிறதா என அறியலாம். சாயம் விளக்கைப் போன்றது. எதையும் ஒட்டாத 'அடையாளமிடா முறை' சத்தத்தைக் கேட்பது போன்றது.

1984இல் ஐவர் கியவரும் சார்ள்ஸ் கீஸும் சிறு பொன் மின்வாயில் கலங்களை வளர்த்து, மிகச் சிறிய ஆடலோட்டத்தைச் செலுத்தினர். கலம் பரவினாலோ சுருங்கினாலோ மின்தடை மாறியது. பின்னர் வந்த இன்னொரு முறையில், கலங்கள் வளரும் தட்டின் அடியில் ஒளி பாய்ச்சப்படும். அது கலத்தின் அடிப்பகுதியில் சுமார் 150 நனோமீற்றர் வரையே உணரும். மருந்து வாங்கியைத் தொட்டதும் கலத்தின் உட்பொருட்கள் இடம்பெயரும். திரும்பி வரும் ஒளியின் அலைநீளம் இம்மியளவு நகரும். அந்நகர்வு நேரத்தோடு ஒரு வளைகோடாகும். செய்தி எந்த ஜீ புரதத்தின் பாதையில் சென்றது என்பதை உயிருள்ள கலங்களிலேயே இம்முறையால் பிரித்தறியலாம் என ஜேர்மனியின் பொன் பல்கலைக்கழகப் பேராசிரியை எவி கொஸ்டெனிஸின் குழு 2010இல் காட்டியது.

இதிலும் ஒரு குறை உண்டு. எல்லாச் சத்தமும் ஒன்றாகவே கேட்கும். எந்தப் பாதையிலிருந்து வருகிறது என அறிய, ஒரு பாதையை அடைத்துப் பார்க்க வேண்டும். ஆர்டிசியா கிரனாட்டா என்ற செடியின் இலையில் அதற்கான பொருள் இருக்கிறது, பெயர் எஃப்.ஆர்.900359. அதை உண்மையில் ஆக்குவது இலையினுள் வாழும் பற்றீரியா. அது 'ஜீ-கியூ' பாதையை அடைப்பதை 2015இல் அதே பேராசிரியையின் குழு விளக்கியது. மூச்சுக்குழாய்த் தசையை இறுகச் செய்யும் பாதைகளுள் அதுவும் ஒன்று. ஆஸ்த்மா உண்டாக்கப்பட்ட எலிகளில் அப்பொருள் மூச்சுக்குழாயைத் தளர்த்தியது என்ற ஆய்வு 2017இல் வெளியானது.

இவற்றையெல்லாம் உம்மும்மாவிடம் சொன்னேன். பாதி கேட்டு, "அப்ப அந்த எலிக்கு இழுப்பு சுகமாம்" என்று சிரித்தார். எலிக்குக் கிடைத்த சுகம் மனிதருக்கு மருந்தாக வர நீண்ட பரிசோதனைகள் வேண்டும் என்றேன். "யாராச்சும் படிச்சிச் செய்யணும்" என்றவர், என் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.