காத்து நிற்கும் சரக்கு

பாறசாலை ரயில் நிலையத்திலிருந்து தெற்கே நோக்கினால், கேரளம் முடிந்து தமிழகம் தொடங்கும் இடம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தென்னையும் வாழையும் மரவள்ளியும் எல்லை பாராமல் வளர்ந்துகிடக்கின்றன. பேச்சிலும் இரு மொழிகள் கலந்தே ஒலிக்கின்றன. நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை, குழித்துறை ஆகிய ஊர்களைக் கோக்கும் இருப்புப்பாதை 1979 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது.

ஒற்றைப் பாதையாகவே அது அமைந்தது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளுள் ஒன்று, நிலையத்தின் கிளைப்பாதையில் ஒதுங்கி நிற்க வேண்டும். நிற்பது பெரும்பாலும் சரக்கு வண்டியே. பயணி முணுமுணுப்பார், மூட்டை முணுமுணுப்பதில்லை.

ஆனால் அந்த மூட்டைகளை நம்பியே இப்பகுதியின் அடுப்புகள் எரிகின்றன. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கிய நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இன்று கேரளம் உண்ணும் அரிசியில் பெரும்பகுதி வெளி மாநிலங்களிலிருந்தே வருகிறது. 42 பெட்டிகள் கொண்ட ஒரு சரக்கு வண்டி ஏறத்தாழ 2,500 டன் அரிசியைக் கொணரும். அதையே சாலைவழி கொணர நூறு லாரிகள் வேண்டும்.

காத்திருப்பு நம் எல்லைக்கு மட்டும் உரியதன்று. பயணி வண்டிகளோடு பாதையைப் பகிர்வதால், நாடு முழுவதும் சரக்கு வண்டிகளின் சராசரி வேகம் நெடுங்காலமாக மணிக்கு 25 கிலோமீட்டர் அளவிலேயே இருந்துவந்தது. இதற்கு விடையாகவே சரக்குக்கெனத் தனிப் பாதைகள் திட்டமிடப்பட்டன. தில்லியை அடுத்த தாத்ரியிலிருந்து மும்பை அருகேயுள்ள ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர் நீளும் மேற்குத் தடம் அவற்றுள் ஒன்று. ராஜஸ்தானின் வறண்ட நிலத்தினூடே செல்லும் அதன் ரேவாரி–மதார் பகுதி 2021 ஜனவரி 7 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்டெய்னர்களை அடுக்கிய ஒன்றரைக் கிலோமீட்டர் நீள வண்டி அன்று மின்சார எஞ்சினால் இழுக்கப்பட்டது. இரட்டை அடுக்குக்கு இடம்விட மின்கம்பிகளையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். எதிரே விரைவு வண்டி வருமென்று அங்கே எந்தச் சரக்கும் ஒதுங்கி நிற்பதில்லை.

பாலை நிலத்தில் இயன்றது இங்கே ஏன் இயலவில்லை? மணற்பரப்பில் வீடுகள் தொலைவில் இருக்கும். பாறசாலையிலோ சென்ட் கணக்கில் நிலம், அதில் வீடு, கிணறு, நான்கு தென்னை. (அங்கும் நிலம் எடுப்பதில் ஆண்டுகள் பல கழிந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.) திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இடையே 87 கிலோமீட்டர் இரட்டைப் பாதைக்காக இழப்பீடு பெற்று வீட்டைக் கொடுத்த குடும்பங்கள் இவ்வூர்களில் உண்டு. கொடுத்தது அவர்கள், பயன் எல்லோருக்கும் உரியது.

புதிய பாதை வந்ததும் எத்தனை விரைவு வண்டிகள் கூடும் என்பதே எங்கும் பேச்சாக இருக்கிறது. நாமோ வேறொன்று கேட்க விரும்புகிறோம்: நெய்யாற்றின்கரையின் வாழைக்குலையை ஏற்றவும் அரிசி மூட்டையை இறக்கவும் இந்த நிலையங்களில் எவ்வளவு இடம் ஒதுக்கப்படும்?