மழையில் ஒரு கணக்கு



மன்னாரில் பாப்பாமோட்டைப் பக்கம் வாடைக்காற்றோடு மாரி இறங்கினால், ஆறாம் ஏழாம் தரப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிக்க முற்றமே போதும். நேரான பக்கங்கள் உள்ள ஒரு பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தை வெட்டி, அதையே புனலாகக் கவிழ்த்து வையுங்கள். அடி குழிவாக இருந்தால் கூழாங்கல் போட்டு, கல் மூடும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியம் என்று கோடிடுங்கள். மழை விட்டதும் அந்தக் கோட்டிலிருந்து தண்ணீரின் உயரத்தை அளவுகோலால் அளக்கலாம்.

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால், அது சரியாக ஒரு லீற்றர் தண்ணீர். அப்படியென்றால் 30 சதுர மீற்றர் நிலத்தை மூடி நிற்கும் கூரையில் 20 மில்லிமீற்றர் பெய்தால்? 600 லீற்றர்! கிணற்றில் வாளி வாளியாக அள்ளிய பிள்ளைக்கு அந்த எண்ணின் பாரம் தெரியும்.

இதே பருவத்தில்தான் வங்காலைச் சரணாலயத்துக்குப் பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் வருகின்றன. 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள அந்த இடம் 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பறவைக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. கணக்கெடுப்பவர்கள் பத்துப் பறவை பிடிக்கும் இடத்தைக் கண்ணால் அளந்து, அப்படி எத்தனை இடம் என்று பெருக்குவார்கள்.

வகுப்பில் பறவைக்கு எங்கே போவது? ஒரு கை புளியங்கொட்டையை மேசையில் வீசுங்கள். பத்து விநாடி பார்த்து மதிப்பிட்டு, பிறகு எண்ணுங்கள். வித்தியாசம் குறைந்தவருக்கே வெற்றி.