எண்ணாகும் ஓசை: மட்டக்களப்புக் கூத்தும் இலக்கமுறை ஒலிப்பதிவும்

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் வாழும் உழவரும் மீனவரும் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்த வடமோடி, தென்மோடிக் கூத்துக்களின் பாடல்களை அச்சேற்றலாம். தாளக்கட்டினை அண்ணாவியார் மத்தளத்தில் இசைக்கும் முறையை அச்சேற்றல் இயலாது. அவ்வகையில் ஒலிப்பதிவே அக்கலையின் மூலபாடமாகின்றது. அம்மூலபாடம் எவ்வாறு எண்களாக மாறுகின்றது என்பதை நாம் விளங்கிக்கொள்ளல் அவசியம்.

ஒலி என்பது காற்றழுத்தத்தின் இடையறாத ஏற்றவிறக்கமாகும். இலக்கமுறைப் பதிவு அதனைச் சீரான இடைவெளிகளில் அளந்து எண்களாக எழுதுகின்றது. செக்கனுக்கு எத்தனை தடவை அளக்கப்படுகின்றது என்பது மாதிரி வீதம். ஒவ்வோர் அளவும் எத்துணை நுணுக்கமான அளவுகோலால் எழுதப்படுகின்றது என்பது பிட் ஆழம்.

பதியவேண்டிய அதியுயர் அதிர்வெண்ணின் இருமடங்கிலும் மாதிரி வீதம் கூடுதலாக இருத்தல் வேண்டும் என்பது, நைக்விஸ்ட் (1928), ஷனன் (1949) ஆகியோரின் ஆய்வுகளால் நிலைபெற்ற விதி. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். எனவே 40,000க்குச் சற்று மேற்பட்ட வீதம் போதுமானது. ஆயின், 1982இல் சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் சந்தைப்படுத்திய இறுவட்டு 44,100 என்ற எண்ணை ஏற்றது ஏன்? அதற்கு முன்னர் இலக்கமுறை ஒலி வீடியோ நாடாக்களிலே சேமிக்கப்பட்டது. செக்கனுக்கு 50 புலங்கள், புலத்துக்கு 294 வரிகள், வரிக்கு 3 மாதிரிகள் எனப் பெருக்கின் 44,100 கிடைக்கும். இயற்கை விதிபோலத் தோன்றும் எண், உண்மையில் அன்றைய உற்பத்திச் சாதனம் விட்டுச்சென்ற தடமாகும்.

பிட் ஆழத்தை நோக்குவோம். 16 பிட் அளவுகோலில் 65,536 படிகள் உள; 24 பிட்டில் 1 கோடியே 67 இலட்சத்துக்கு மேற்பட்டவை. பிட் ஒன்று ஏறத்தாழ 6 டெசிபல் வீச்சைத் தருவதால், கோட்பாட்டளவில் முன்னையது 96 டெசிபலையும் பின்னையது 144 டெசிபலையும் கொள்ளும். களரியில் மத்தளமும் சல்லரியும் சதங்கையும் ஒருங்கே ஓங்கும்போது அளவு உச்சப்படியைத் தாண்டுமாயின் அலை வெட்டுண்டுபோகும், அதை மீட்கவியலாது. அதனைத் தவிர்க்கப் பதிவுமட்டத்தைத் தாழ்த்தினால், விடியற்புறத்தில் தளர்ந்தொலிக்கும் குரல் 16 பிட்டின் கீழ்ப்படிகளுள் ஒடுங்கும். 24 பிட்டில் இவ்விடர் பெரிதும் நீங்குகின்றது.

துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி மறுநுனியில் காதுவைத்துக் கேட்கப்படும் வாவியின் 'மீன்பாடல்' இதற்கு மறுதலையானது. எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதியதும், 1960களில் அருட்தந்தை லாங் அடிகளின் துணையுடன் இலங்கை வானொலி ஒலிபரப்பியதும் இம்மெல்லொலியையே. இத்தகைய ஒலிக்கு இரைச்சல் குறைந்த ஒலிவாங்கி முதல் நிபந்தனை. மாதிரி வீதத்தை மேலும் உயர்த்துவதால் விளையும் பயன் சிறிதே.

ஒலி, காட்சிப் பதிவு ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் ஆவணப் பதிவுக்குக் குறைந்தது 48,000 ஹேர்ட்ஸ், 24 பிட் என விதந்துரைக்கின்றது. இத்தரத்தில் எட்டு மணிநேரக் கூத்தொன்றின் இருதடப் பதிவு ஏறத்தாழ 8.3 கிகாபைற்று, இறுவட்டுத் தரத்தில் 5.1. இன்றைய நினைவக அட்டைக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. எனினும் நடைமுறையில் எஞ்சுவன பெரும்பாலும் கைத்தொலைபேசியின் சுருக்கப் பதிவுகளே. எம்.பி. 3 போன்ற சுருக்கமுறைகள், சராசரிச் செவிக்குப் புலப்படாதெனக் கணித்தவற்றைக் களைகின்றன. பரப்புதலுக்கு அது தகும், மூலத்துக்குத் தகாது. சுருக்கிய கோப்பைப் பின்னர் 24 பிட்டாக மாற்றினும் இழந்தது மீளாது.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்காகச் சுருக்கினார். அச்சுருக்கம் கண்முன்னே நிகழ்ந்தது, விவாதிக்கப்பட்டது. கோப்பினுள் நிகழும் சுருக்கமோ எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை, விவாதத்துக்கும் உட்படுவதில்லை. எனவே ஆய்வாளர் பதிவின் மாதிரி வீதத்தையும் பிட் ஆழத்தையும் அண்ணாவியார் பெயருடனும் ஊருடனும் சேர்த்துக் குறித்தல் வேண்டும். சுருக்கப்படாத மூலக்கோப்பின் பிரதியொன்று அக்கூத்தை ஆடிய ஊர் மக்களின் கையிலும் இருத்தல் வேண்டும். உழைத்து உருவாக்கியோர்க்கு நகலின் நகலே கிடைக்குமாயின், பழைய ஏற்றத்தாழ்வு புதிய சாதனத்திலும் தொடரும்.